முன்பக்கக் கதவா, மேல்மூடியா? – ஆற்றங்கரையிலிருந்து ஒரு சலவை வரலாறு

வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போகும் எந்தக் குடும்பத்துக்கும் முதலில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். துணியை முன்பக்கக் கதவு வழியாகப் போடும் ஃப்ரண்ட் லோடிங்கா, மேலே மூடியைத் திறந்து போடும் டாப் லோடிங்கா? விற்பனையாளர் விலையையும் தள்ளுபடியையும் சொல்வார். ஆனால் இந்த இரண்டு வகையும் எப்படிப் பிறந்தன, ஏன் ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டது என்று கேட்டால், அது ஒரு நீண்ட கதை. அந்தக் கதையைப் பொதிகை மலையடிவாரத்தில் இருக்கும் விக்கிரமசிங்கபுரத்தில், அதாவது எல்லோரும் சொல்லும் வி.கே.புரத்தில் நின்று பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

ஆறு செய்த மூன்று வேலைகள்

மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி சமவெளியில் முதலில் தொடும் ஊர்கள் பாபநாசமும் வி.கே.புரமும்தான். இந்த ஆறு இங்கே மூன்று வேலைகளைச் செய்திருக்கிறது.

முதல் வேலை, காலங்காலமாக நடப்பது: குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் தருவது. இரண்டாவது, 1880களில் தொடங்கியது. ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் ஆற்றின் வேகத்தை நம்பி இங்கே நூற்பாலை அமைத்தார்கள். நீரின் விசையில் கதிர்கள் சுழன்றன. ஹார்வி மில் என்று மக்கள் அழைத்த அந்த நிறுவனத்தின் வாரிசுதான் 1974இல் மதுரா கோட்ஸ் என்று பெயர் பெற்றது. மூன்றாவது வேலை மின்சாரம். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது.

ஆக, நூல் நூற்றதும் இந்த ஆறு. அந்த நூலால் ஆன துணியை வெளுத்ததும் இந்த ஆறு. பிற்பாடு துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் தந்ததும் இந்த ஆறு!

இயந்திரத்துக்கு முன்னால் யார் துவைத்தார்கள்?

வாஷிங் மெஷினின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் அதற்கு முன்னால் துவைத்த கைகளுக்கும் வரலாறு உண்டு.

வீட்டுத் துணி பெண்களின் வேலை. ஊர்த் துணி வண்ணார் சமூகத்தின் வேலை. உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, பெரிய பானையில் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, காலையில் படித்துறைக் கல்லில் அடித்து வெளுப்பார்கள். இதற்கு வெள்ளாவி என்று பெயர். காரமும் சூடும் சேர்ந்து அழுக்கை இளக்க, கல்லில் அடிப்பது அதை வெளியேற்றுகிறது. இன்றைய இயந்திரங்கள் செய்வதும் இதையேதான்.

இதில் மறக்கக்கூடாத ஒரு பகுதி இருக்கிறது. தாழ்த்தப்பட்ட மக்களின் துணிகளை வெளுத்த புதிரை வண்ணார்கள் தீண்டத்தகாதவர்களாக மட்டுமல்ல, பார்க்கத்தகாதவர்களாகவும் நடத்தப்பட்டார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் இவர்கள் பகலில் வெளியே வர முடியாமல் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வேலை செய்ததை 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழ் பதிவு செய்தது. அண்ணல் அம்பேத்கர் தம் எழுத்தில் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். தமிழக அரசு இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்தது 2009இல்தான். ஒரு சமூகம் இருட்டில் துவைக்க வேண்டியிருந்த அதே மண்ணில், இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிகிறது. இதை வெறும் வசதி என்று மட்டும் எழுதிவிட முடியாது.

முன்பக்கக் கதவு முந்திக்கொண்டது

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஷேஃபர் என்ற பாதிரியார் 1767இலேயே ஒரு சலவை இயந்திரத்தின் வடிவமைப்பை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையால் சுற்றும் உருளை இயந்திரங்கள் பல வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின் மோட்டார் சேர்ந்தது. 1922இல் அமெரிக்காவின் மேடேக் நிறுவனம், தொட்டியின் அடியில் சுழன்று நீரைத் துணிக்குள் செலுத்தும் 'அஜிடேட்டர்' முறையைக் கொண்டுவந்தது.

நிரப்புவது, துவைப்பது, அலசுவது, பிழிவது எல்லாவற்றையும் தானே செய்யும் வீட்டு இயந்திரத்தை 1937இல் பெண்டிக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அது ஃப்ரண்ட் லோடிங் வகை. ஆம், முழுத் தானியங்கியில் முதலில் வந்தது முன்பக்கக் கதவுதான்! ஆனால் பிழியும்போது அது பயங்கரமாக அதிர்ந்ததால் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

1947இல் ஜெனரல் எலக்ட்ரிக்கும், பிற்பாடு வேர்ல்பூல் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனமும் டாப் லோடிங் தானியங்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. தரையில் இறுக்கத் தேவையில்லை, குனியத் தேவையில்லை, நடுவில் ஒரு சட்டையை எடுத்துப் போடலாம். அமெரிக்கா டாப் லோடிங் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஊருக்கு ஒரு பழக்கம்

ஐரோப்பாவில் நடந்தது வேறு. அங்கே வீடுகள் சிறியவை, சமையல் மேடைக்கு அடியிலேயே இயந்திரம் நுழைய வேண்டும். வெள்ளைத் துணியைக் கொதிக்க வைத்து வெளுப்பது அவர்களுடைய பழைய வழக்கம். குறைந்த தண்ணீரை உள்ளேயே சூடாக்கிக்கொள்ளும் ஃப்ரண்ட் லோடிங் அதற்குப் பொருந்தியது. ஒரு வகையில் அது மின்சார வெள்ளாவி.

ஜப்பானில் பச்சைத் தண்ணீரில் துவைப்பதே வழக்கம். 1953இல் சான்யோ நிறுவனம், பிரிட்டனின் ஹூவர் இயந்திரத்தை ஒட்டி, தொட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு சுழலும் 'பல்சேட்டர்' இயந்திரத்தை வெளியிட்டது. பிறகு துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இரட்டைத் தொட்டி இயந்திரம் பரவியது. நம் வீடுகளில் செமி ஆட்டோமேட்டிக் என்று சொல்வது இதன் வாரிசுதான்.

சிறந்த இயந்திரம் எது என்பதை இயந்திரம் மட்டும் தீர்மானிக்கவில்லை. தண்ணீர், வீடு, விலை, பழக்கம் எல்லாம் சேர்ந்து தீர்மானித்தன என்பது இதிலிருந்து தெரிகிறது. இதற்கு அமெரிக்காவே சாட்சி. தண்ணீரும் மின்சாரமும் கணக்குப் பார்க்க வேண்டிய பொருள்கள் ஆனதும், டாப் லோடிங்குக்குப் பெயர் பெற்ற மேடேக் நிறுவனமே 1997இல் 'நெப்டியூன்' என்ற ஃப்ரண்ட் லோடிங்கைக் கொண்டுவந்தது.

இந்தியாவுக்கு வந்த கதை

இந்தியாவில் வாஷிங் மெஷின் பரவலாகத் தெரியவந்தது 1980களின் பிற்பகுதியில். வீடியோகான் விளம்பரங்களை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. அமெரிக்க வேர்ல்பூல் நிறுவனம் இந்தியாவில் கால் வைத்தது டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டு சேர்ந்துதான். அந்தக் கூட்டின் சலவை இயந்திர ஆலை புதுச்சேரியில் அமைந்தது. ஃப்ரண்ட் லோடிங் வகையை 1990களில் நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகப்படுத்தியதில் ஐ.எஃப்.பி. நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களின் பிற்பகுதியில் சாம்சங், எல்ஜி நிறுவனங்கள் வந்ததும் போட்டி சூடுபிடித்தது.

ஆனால் சிற்றூர்களில் வென்றது செமி ஆட்டோமேட்டிக். காரணம் எளிது. குழாயில் அழுத்தம் இல்லையென்றால் வாளியில் மொண்டு ஊற்றலாம். கரண்ட் போனால் துணியை எடுத்துக் கையால் அலசிவிடலாம். 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், குறிப்பாக 2012இல், சென்னைக்கு வெளியே தமிழகம் பல மணி நேர மின்வெட்டில் தவித்தது. நடுவில் கதவைத் திறக்க முடியாமல் பூட்டிக்கொள்ளும் இயந்திரத்தை அன்று யார்தான் விரும்புவார்கள்?

வி.கே.புரத்தில் எது?

இனி கணக்குக்கு வரலாம். பொதுவாக 7 கிலோ அளவில் ஃப்ரண்ட் லோடிங் ஒரு முறைக்கு ஏறக்குறைய 60 லிட்டரும், டாப் லோடிங் 120 லிட்டரும் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் நான்கு முறை துவைத்தால், ஆண்டுக்கு 60 x 4 x 52 = 12,480 லிட்டர் வித்தியாசம்.

மின்சாரத்தில், பச்சைத் தண்ணீரில் துவைத்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஹீட்டரைப் போட்டால்தான் மீட்டர் ஓடும். ஃப்ரண்ட் லோடிங் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று பிழிவதால் துணி சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடியில் மூன்று நாள் துணி தொங்கும் மலையடிவார ஊரில் இது சின்ன விஷயமல்ல. அதேசமயம் விலை அதிகம், துவைக்க நேரம் அதிகம், நுரை குறைந்த தனி சோப்புத்தூள் வேண்டும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து போதிய அழுத்தம் வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் குனிந்து துணி எடுப்பது சிரமம். டாப் லோடிங்கில் இந்தத் தொல்லைகள் குறைவு.

அப்படியானால் ஆற்றங்கரை ஊரில் டாப் லோடிங் போதுமே, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். வணிகவியல் பாடம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு பொருளுக்கு விலை குறைவு என்பதால் அதற்கு மதிப்புக் குறைவு என்று ஆகாது. அந்த 12,480 லிட்டரால் வி.கே.புரத்துக் குடும்பத்தின் பட்ஜெட்டில் பெரிய மிச்சம் வராது. ஆனால் தாமிரபரணி இந்த ஊரோடு நிற்பதில்லை. சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீராகி, வயல்களுக்குப் பாய்ந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. மேலே இருப்பவர் கழித்துவிட்ட சோப்புத் தண்ணீருக்கான விலையைக் கீழே இருப்பவர் கொடுக்கிறார். பொருளியலில் இதைப் புறவிளைவு என்பார்கள். பாபநாசத்தில் சடங்கு முடித்துப் பக்தர்கள் ஆற்றில் விட்டுச் செல்லும் துணிகளைத் தன்னார்வலர்கள் வாரி வாரி அள்ளுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில், வீட்டு இயந்திரங்கள் வந்த பிறகும் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று காட்டினார். வாரம் ஒருமுறை துவைத்த துணி தினமும் துவைக்கும் துணியானது. உதவிக்கு இருந்த மற்ற கைகள் விலகிக்கொண்டன. எந்தப் பக்கம் கதவு வைத்தாலும், துணியைப் போட்டு, எடுத்து, காயப்போட்டு, மடிப்பது ஒரே ஆளாக இருந்தால் வேலை பாதிதான் குறைந்திருக்கிறது.

ஆகவே தண்ணீர் அழுத்தமும் தடையற்ற மின்சாரமும் உள்ள வீட்டுக்கு ஃப்ரண்ட் லோடிங் நல்லது, ஆற்றுக்கும் நல்லது. வாளியில் நீர் நிரப்பும் வீட்டுக்குச் செமி ஆட்டோமேட்டிக்கே நியாயமான தேர்வு. முதியவர்கள் அதிகம் புழங்கும் வீட்டுக்கு டாப் லோடிங். ஆனால் தொட்டி நிறையத் துணி சேர்ந்த பிறகே ஓட்டினால் தண்ணீரும் சோப்பும் மிச்சமாகும். எதை வாங்கினாலும் சோப்புத்தூளை அளந்து போடுவதற்குச் செலவே இல்லை. கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.