தா மோக்கோ

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வழிவழியாகப் பச்சை குத்திக்கொள்ளும் கலைக்குத் தா மோக்கோ என்று பெயர். பச்சை குத்துவதென்றால் ஊசியால் தோலைத் துளைத்து மையை இறக்குவதுதான் பல நாடுகளில் வழக்கம். மாவோரிகள் மரச் சிற்பிகளைப் போல உளியால் தோலை வெட்டினார்கள். புண் ஆறிய பிறகும் கோடுகள் பள்ளமாகவே நிற்கும். முகத்தைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும்.

உஹி எனப்படும் அந்த உளியை அல்பட்ராஸ் பறவையின் எலும்பில் செய்தார்கள். கூரிய உளியால் தடம் வெட்டியபின், பல் வைத்த இன்னொன்றை மையில் தோய்த்து அதே தடத்தில் வைத்துத் தட்டுவார்கள். கவுரி மரப் பிசினை எரித்தெடுத்த கரி முகத்துக்கான மையாயிற்று. மாவோரிகளுக்குத் தலை மிகப் புனிதமானது. ஆகவே வேலை முடியும்வரை, குத்திக்கொள்பவர் உணவைக் கையால் தொடக் கூடாது. வீங்கிய வாயில், செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்புனல் வழியாக மற்றவர்கள் உணவு ஊற்றினார்கள்.

இக்கலை பாதாள உலகிலிருந்து வந்ததாகத் தொன்மம் கூறுகிறது. மனைவி நிவரேகாவை மத்தாஓரா என்பவன் அடித்துவிட, அவள் பாதாளத்திலுள்ள தன் தந்தை உஎதோங்காவிடம் போய்விட்டாள். தேடிச் சென்றவனின் முகத்தில் இருந்ததோ வெறும் வண்ணப்பூச்சு. மாமனார் அதைக் கையால் துடைத்தழித்துவிட்டு, அழியாத மோக்கோவை வெட்டினார். மனைவியோடு அந்தக் கலையும் மேலுலகுக்கு வந்தது.

ஆண்கள் முகம் முழுவதும், தொடையிலும் பிட்டத்திலும் குத்திக்கொண்டார்கள். பெண்கள் உதட்டிலும் மோவாயிலும். குலம், வம்சம், தகுதி ஆகியவற்றை மோக்கோ சொன்னது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரே பொருள் தரும் பட்டியல்களை நம்ப வேண்டியதில்லை. குலத்துக்குக் குலம் மரபு வேறுபட்டது. 1820களில் இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு வந்த மாவோரித் தலைவர் தே பெஹி குப்பே, தன் முக வரிகளைக் கண்ணாடி பாராமலே தாளில் வரைந்து காட்டினார். நிலப் பத்திரங்களில் தலைவர்கள் மோக்கோவையே கையொப்பமாக இட்டதும் உண்டு.

அந்த முகங்களே சந்தைச் சரக்கானதுதான் இவ்வரலாற்றின் பெருங்கொடுமை. இறந்த உறவினரின் தலையைப் பதப்படுத்திப் போற்றுவது மாவோரி வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் அத்தலைகளை விலைக்குக் கேட்டனர். குலப்போர்களில் துப்பாக்கி தேவைப்பட்டவர்கள் விற்றனர். விற்பதற்கென்றே அடிமைகளுக்குப் பச்சை குத்திக் கொன்றதும் நடந்தது. 1831இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங், அங்கு இவ்வணிகத்தைத் தடைசெய்தார். சிதறிய தலைகளை மீட்கும் பணியை 2003 முதல் நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான தே பாப்பா அரசின் சார்பில் நடத்துகிறது. 2014இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன்னிடமிருந்தவற்றைத் திருப்பித் தந்தது.

ஆண்களின் முக மோக்கோ ஏறத்தாழ மறைந்துபோன காலத்திலும், மோவாய்ப் பச்சையைப் பெண்கள் விடவில்லை. உளிக்குப் பதில் ஊசி வந்தது. 1980களில் தொடங்கி இருபாலரிடமும் கலை மீண்டும் தழைத்தது. மோவாயில் மோக்கோ தாங்கிய நனையா மஹுத்தா 2020இல் நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். மாவோரி அல்லாதார் கேட்டால், வம்சக் குறிகளற்ற கிரித்துஹி என்னும் வடிவங்களையே கலைஞர்கள் பலர் குத்துகிறார்கள்.