எதுக்குக் கத்துக்கப் போறே?

போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். பன்னிரண்டு வயதுப் பேத்தி திடீரென்று "நான் டியூஷனுக்குப் போகல" என்றாள். காரணம் கேட்டால் பதில் இல்லை. மூன்று நாள் கழித்து பாட்டியிடம்தான் விஷயம் வெளியே வந்தது. சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் வழியில் அவள் பையைப் பிடித்து இழுத்து, ஜடையையும் இழுத்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். மகன் அந்தப் பையன்களின் வீட்டுக்கே போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தான். ஆனாலும் குழந்தை வாசலைத் தாண்ட மறுத்தாள்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் பெரிய மாநாடு. "கராத்தேல சேத்துடலாம்" என்றான் மகன். "சேக்கறதுதான் சேக்கறோம், சர்டிபிகேட், மெடல்னு வர்ற இடமா பாருங்க, காலேஜுக்கு உதவும்" என்றாள் மருமகள். நான் சும்மா இருப்பேனா? "நம்ம சிலம்பம் இருக்க, ஜப்பான்காரன் கலை எதுக்கு?" என்றேன். ஆளுக்கு ஒன்று சொன்னோம். குழந்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

படுத்த பிறகுதான் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. என் வலது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் முழுதாக நிமிராது. அதற்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் உண்டு.

1979. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் நான் டர்னர். நாட்டின் முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்றாக 1958-ல் தொடங்கிய இடம் அது. இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கும் தெருக்களில் அன்று லேத் சத்தமும் கட்டிங் ஆயில் வாசனையும்தான். செகண்ட் ஷிப்ட் முடித்து கிண்டி ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போது விளக்குகள் பாதி எரியாது. ஒருநாள் இரவு இரண்டு பேர் வழிமறித்து என் சம்பளக் கவரைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒல்லியான உடம்பு எனக்கு. கையைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

அது புரூஸ் லீ காலம் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவர் 1973 ஜூலை 20-ல் இறந்துபோனார். 'என்டர் தி டிராகன்' அதற்கு அடுத்த மாதம்தான் அமெரிக்காவில் வெளியானது. நம் ஊருக்கு அந்தப் படம் வந்த பிறகு தெருவுக்குத் தெரு மொட்டை மாடியில் கராத்தே கிளாஸ். சுவரில் உதைக்கிற படம் போட்ட போஸ்டர். அப்படி ஒரு போஸ்டரைப் பார்த்துத்தான் நானும் போய்ச் சேர்ந்தேன்.

பட்டறையில் என்னோடு ஃபிட்டராக இருந்தவர் தெற்கத்திக்காரர். சின்ன வயதிலிருந்து கம்பு சுற்றியவர். நாங்கள் அண்ணாச்சி என்போம். நான் சேர்ந்த செய்தி கேட்டு அவர் ஒன்றுதான் கேட்டார். "எதுக்குக் கத்துக்கப் போறே? அத மொதல்ல உனக்குள்ள சொல்லிக்க."

"அடிக்கத்தான் அண்ணாச்சி."

"யாரை?"

பதில் இல்லை. சிரித்து மழுப்பினேன். ஐந்தாவது மாதம் அந்த மாடியில் ஓடு உடைக்கும் நிகழ்ச்சி. முறையான பயிற்சி இல்லாமல், பார்க்க வந்த கூட்டத்துக்காக என்னையும் உடைக்கச் சொன்னார் மாஸ்டர். ஓடு உடையவில்லை, கை உடைந்தது. ஆறு வாரம் மைக்ரோமீட்டர் பிடிக்க முடியவில்லை. ஆறு வாரமும் சம்பளம் இல்லை. அந்த மாதம்தான் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அப்பா கடன் வாங்கினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு வேண்டியிருந்தது பயம் போவது. நான் சேர்ந்ததோ கூட்டத்துக்கு வேடிக்கை காட்டும் இடத்தில். தப்பு கராத்தேயின் மேல் இல்லை என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கலைகளின் வரலாற்றைத் தேடித்தேடிப் படித்தேன். ஒவ்வொரு கலையும் ஒரு காலத்தில், ஒரு தேவைக்காக உருவானது. அந்தத் தேவை என்ன என்று தெரிந்தால், அது நமக்கு ஒத்துவருமா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

கராத்தேயையே எடுத்துக்கொள்வோம். அதன் ஊர் ஒகினாவா தீவு. ஆசிரியரிடம் தனியாகப் போய்க் கற்றுவந்த கலை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதோசு என்ற பெரியவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அதை எளிமையாக்கிக் கொடுத்தார். அவர் வழிவந்த ஃபுனாகோஷியும் பள்ளி ஆசிரியர்தான். 1922-ல் டோக்கியோவில் செய்து காட்டினார், பிறகு அங்கேயே தங்கிக் கற்பித்தார். வரிசையாக நின்று, எண்ணிக்கை சொல்லச்சொல்ல எல்லோரும் சேர்ந்து குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது பள்ளிக்கூட டிரில்லின் சாயல். ஒழுங்கு, உடல் உறுதி, மனக்கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு அது அருமையான முறை. இரவில் கவர் பிடுங்குகிறவனைச் சமாளிக்க ஐந்து மாத டிரில் போதாது.

கறுப்பு பெல்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. அது கராத்தேயில் பிறந்ததல்ல, ஜூடோவில் பிறந்தது. ஜூடோவை உருவாக்கிய ஜிகாரோ கானோ தேர்ந்த மாணவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட 1880-களில் கொண்டுவந்த வழக்கம். ஃபுனாகோஷி அதை எடுத்துக்கொண்டு 1924-ல் தம் மாணவர்களுக்கு முதல் பட்டம் கொடுத்தார். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ண வரிசை பிறகு ஐரோப்பாவில் பரவியது. இன்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கட்டணம். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சேருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கானோவின் கதைதான் என்னை அதிகம் தொட்டது. சிறுவயதில் அவர் குள்ளம், நோஞ்சான். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடி வாங்கியவர். அதற்காகவே ஜுஜுட்சு கற்கப் போனார். ஆபத்தான பிடிகளைப் பயிற்சியிலிருந்து ஒதுக்கி, யாருக்கும் காயம் படாமல் முழு பலத்தோடு பழகும்படி மாற்றி, 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த அறையில் ஒன்பது மாணவர்களோடு தொடங்கினார். அந்த மனிதர்தான் 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முதல் ஆசிய உறுப்பினர் ஆனார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது. பெண்களுக்கான பதக்கப் போட்டி 1992-ல் வந்தது.

குத்துச்சண்டையின் தேவை வேறு. அது மேடைக்கானது. வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகள் தலைமுறையாக மோதிக்கொண்ட கதை இப்போது சினிமா வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. 1980-ல் முகமது அலி சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். கைக்கட்டு பிரித்துச் சில மாதங்களே ஆன நானும் அந்தக் கூட்டத்தில் எங்கோ நின்றேன். அடி வாங்கியும் நிலைகுலையாமல் நிற்பதை அதுபோலக் கற்றுத்தரும் கலை குறைவு. ஆனால் தலையில் அடி விழும் விளையாட்டு என்பதையும் யோசித்துத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும்.

நம் சிலம்பத்துக்கு வருகிறேன். திருவிழாவிலும் களத்துமேட்டிலும் வளர்ந்தது. சலாம் வரிசை, காலடி, சுழற்சி என்று படிப்படியாகப் போகும். தோளும் மணிக்கட்டும் இலகுவாகும், கண்ணும் காலும் ஒத்துப்போகும். இன்று அதற்கு இன்னொரு முகமும் உண்டு. போட்டியில் கம்பு உடம்பைத் தொட்டால் புள்ளி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆக, மரபுக்காகக் கற்றுத்தரும் ஆசானும் உண்டு, பதக்கத்துக்காகப் பழக்கும் பயிற்சியாளரும் உண்டு. கம்பு ஒன்றுதான், கூடம் வேறு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல பள்ளிகளின் நோட்டீஸில் "காஞ்சிபுரத்துப் போதிதருமர் சீனாவுக்குக் கற்றுத்தந்த கலை" என்று இருக்கும். போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று பழைய சீனக் குறிப்பு இருப்பது உண்மை. ஆனால் ஷாவோலின் துறவிகளுக்குப் பயிற்சி முறை தந்தவர் அவர் என்ற கதைக்கு மூலம், அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 1624-ல் எழுதப்பட்ட ஒரு பயிற்சி நூல். பெருமைப்பட நமக்கு வேறு நிறைய இருக்கிறது. நோட்டீஸில் இருக்கும் பழம்பெருமை உங்கள் பிள்ளைக்கு யார் எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்பதைச் சொல்லாது.

மறுநாள் காலை பேத்தியைக் கூப்பிட்டு அண்ணாச்சியின் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"யாரையும் அடிக்க வேணாம் தாத்தா. என்னைப் பிடிச்சு இழுத்தா, அப்பிடியே ஒறைஞ்சு போகக் கூடாது. அவ்ளோதான்."

நாங்கள் மூன்று பேர் மேசையில் பேசியதில் இது இல்லவே இல்லை.

பிறகு நானும் அவளுமாக நான்கு சாயங்காலம் சுற்றினோம். கிண்டி, சைதாப்பேட்டை, வேளச்சேரி. எந்த இடத்திலும் பணம் கட்டவில்லை. ஒரு வகுப்பை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தோம். முதல் இடத்தில் சுவரெல்லாம் கோப்பை, ஆனால் மூத்த பையன்கள் சின்னப் பிள்ளைகளைக் கிண்டல் செய்ததை மாஸ்டர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது இடத்தில் ஒரு வருடக் கட்டணம் முன்பணமாக வேண்டும், இரண்டு வருடத்தில் கறுப்பு பெல்ட் நிச்சயம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். மூன்றாவது சிலம்பக் கூடம். ஆசான் தங்கமானவர். எனக்கு அங்கேயே சேர்த்துவிட ஆசைதான். அவரிடமே விஷயத்தைச் சொன்னேன். "சார், பாப்பாவுக்கு இங்க நல்லா வரும். ஆனா கையைப் பிடிச்சு இழுக்கற பயம் போகணும்னா, பிடிச்சு இழுக்கறதையே தெனமும் பழகற எடத்துக்கு மொதல்ல போங்க. அப்புறம் வரட்டும்" என்றார். வந்த மாணவியை வேறு இடத்துக்கு அனுப்பும் ஆசிரியரை நம்பலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

நான்காவது ஒரு ஜூடோ வகுப்பு. பெண் பயிற்சியாளர். சட்டையைப் பிடிப்பதில்தான் அங்கே எல்லாமே தொடங்குகிறது. முதல் மூன்று வாரம் பேத்திக்கு விழுவதற்கு மட்டும்தான் கற்றுத்தந்தார்கள். மகனுக்கு எரிச்சல். "காசு குடுத்து விழறதுக்கா அனுப்பறோம்?" என்றான். நான் என் சுண்டுவிரலைக் காட்டினேன். எனக்கு யாராவது முதலில் விழக் கற்றுத்தந்திருக்கலாம்.

ஏழு மாதம் ஆகிறது. அவள் ஒன்றும் வீராங்கனை ஆகிவிடவில்லை. போன மாதம் ஒரு சிறிய போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றாள். மருமகளுக்கு வருத்தம்தான், சர்டிபிகேட் வரவில்லை. ஆனால் டியூஷனுக்கு அதே தெரு வழியாகத் தனியாகப் போகிறாள். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் தள்ளி நானும் பின்னால் நடந்தேன். ஒருநாள் திரும்பிப் பார்த்து, "தாத்தா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். போய்விட்டேன்.

உங்கள் பேரப்பிள்ளைகளை எங்கே சேர்க்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களையே கேளுங்கள். ஒரு வகுப்பை முழுதாகப் பாருங்கள். தேர்வுக் கட்டணம், உடை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மூத்த மாணவர்கள் இளையவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள். அடிபட்டால் யார் என்ன செய்வார்கள் என்பதையும் விசாரியுங்கள். வீட்டிலிருந்து தூரமும் முக்கியம், இரண்டு பஸ் மாறிப் போகும் வகுப்பு மழைக்காலத்தோடு நின்றுவிடும்.

அந்தச் சிலம்ப ஆசானிடம் இப்போது ஞாயிறு காலையில் நான் போகிறேன். முதல் நாள் அவரும் கேட்டார், "சார், நீங்க எதுக்கு?" தோள் இறுகிப்போச்சு, சட்டை மாட்டச் சிரமமா இருக்கு என்றேன். சிரித்துவிட்டு, கம்பைக் கையில் கொடுத்தார்.