ஒரே காய்ச்சல், இரண்டு நண்பர்கள்

1959 டிசம்பர். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள அப்பர் வோல்டாவுக்கு (இன்றைய புர்கினா ஃபாஸோ) ஐரோப்பாவின் சைக்கிள் பந்தய நட்சத்திரங்கள் சிலர் போய் இறங்கினார்கள். சும்மா ஒரு காட்சிப் பந்தயம், அப்புறம் கொஞ்சம் வேட்டை... ஜாலியான பயணம்! இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பியும், பிரான்ஸின் ரஃபேல் ஜெமினியானியும் தங்கிய இடத்தில் மட்டும் கொசுக்கடி தாங்கவில்லை. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் இருவருமே காய்ச்சலில் படுத்துவிட்டார்கள்.

இதில் கோப்பி சாதாரண ஆசாமி இல்லை!

1919-ல், வடமேற்கு இத்தாலியில் காஸ்டெல்லானியா என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். பிழைப்பு, கறிக்கடையில் எடுபிடி வேலை. வீடு வீடாகச் சைக்கிளில் இறைச்சி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒல்லிப்பிச்சான் பையன். ஆனால் பார்வையில்லாத மசாஜ் நிபுணர் ஒருவர் - பியாஜியோ கவான்னா - அவன் உடம்பைக் கையால் தொட்டுப் பார்த்தே, 'விஷயம் இருக்கு' என்று கண்டுபிடித்துவிட்டார்.

1940-ல், ஜிரோ தி இத்தாலியா என்ற மாபெரும் சாலைப் பந்தயத்தில் கோப்பிக்குக் கொடுத்த வேலை, அணியின் தலைவர் பார்தாலிக்குத் துணையாக ஓட்டுவது. நடுவில் ஒரு நாய் குறுக்கே வர, பார்தாலி விழுந்து அடிபட்டார். 'துணை'க்குப் போன பையன் பந்தயத்தையே ஜெயித்தான்! வயது 20. மறுநாளே, முசோலினி போரில் குதித்தார். ஹும்... நேரம்!

1942 நவம்பர். விமானக் குண்டுகள் விழுந்திருந்த மிலான் நகரத்தின் விகோரெல்லி டிராக். ஒரு மணி நேரத்தில், தன்னந்தனியாக, எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்? சைக்கிள் உலகத்தின் மிகக் கொடுமையான பரீட்சை இது. எதிரி கிடையாது, கடிகாரம் மட்டும்தான். ஊர் போரில் இருக்க, கோப்பி சுற்றிச் சுற்றி வந்தார். முடித்தபோது பழைய உலக சாதனையைவிட 31 மீட்டர் அதிகம். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் மிதித்தவருக்கு, மிச்சம் 31 மீட்டர்! அதை முறியடிக்க உலகத்துக்கு 14 வருடம் ஆனது.

அடுத்த வருடமே அவரை ராணுவம் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. துனீசியாவில் பிரிட்டிஷ் படையிடம் மாட்டி, ஏறக்குறைய இரண்டு வருடம் போர்க்கைதி. ஒரு வீரனின் உச்சக்கட்ட வயது அப்படிப் போனது.

திரும்பி வந்ததும் ஆரம்பித்தது ருத்ர தாண்டவம். 1946-ல் மிலான் - சான் ரெமோ பந்தயத்தில், இரண்டாவதாக வந்தவர் 14 நிமிடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்! டிராக்கில் 1947, 1949 இரண்டு வருடமும் 'பர்சூட்' உலக சாம்பியன் (எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்தும் போட்டி). சாலையில், ஒரே வருடத்தில் ஜிரோவையும் டூர் தி ஃபிரான்ஸையும் ஜெயித்த முதல் மனிதர். அது 1949. 1952-ல் அதையே மறுபடியும் செய்தார். மொத்தம் ஐந்து ஜிரோ. டிராக்கில் தனியாக ஓட்டிப் பழகியவர், மலைச் சாலையிலும் மற்றவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க்கொண்டே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு மணமான பெண்ணோடு காதல். அன்றைய இத்தாலியில் அது கிரிமினல் குற்றம். கோர்ட், கேஸ், ஊர்ப் பேச்சு... பாவம், நிறையவே பட்டார்.

சரி, அந்தக் காய்ச்சலுக்கு வருவோம். பிரான்ஸில் ஜெமினியானி நினைவிழந்து கிடந்தார். ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். மலேரியா! உடனே குயினைன் - அதாவது நம் தாத்தா காலத்துக் 'கொயினா'தான். பிழைத்துக்கொண்டார். இத்தாலியில் கோப்பிக்கு ஃப்ளூ, நிமோனியா என்று நினைத்து வேறு மருந்துகள் கொடுத்தார்கள். நண்பருக்கு மலேரியா என்று பிரான்ஸிலிருந்து தகவல் வந்தும், டாக்டர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1960 ஜனவரி 2, காலை. டோர்டோனா ஆஸ்பத்திரியில் கோப்பி இறந்துபோனார். வயது 40.

ஜெமினியானி 2024 ஜூலையில்தான் காலமானார். அவருக்கு வயது 99.