கவுன்ட்டருக்கு வராத பட்டம்

பம்பாயின் தாராவியில் சொந்தமாக க்ளினிக் நடத்திய 100 டாக்டர்களிடம், காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டு உப்லேகர், ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிடைத்த விடைகளில் 80 விதமான மருந்துச் சேர்க்கைகள் இருந்தன. டாக்டர்களின் குறையைக் காட்டும் ஆய்வாகவே அது பேசப்பட்டது. ஆனால் டாக்டர் எழுதும் சீட்டு நேராக நோயாளியின் வயிற்றுக்குள் போய்விடுவதில்லை. தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் போன்ற குடியிருப்புகளில் அது மெடிக்கல் ஷாப்பின் கவுன்ட்டரைக் கடந்தாக வேண்டும். சீட்டைப் படித்து, அளவைச் சரிபார்த்து, ஐயம் வந்தால் டாக்டரைக் கேட்கும் பழக்கத்தை அங்கே நிற்பவருக்கு நம் மருந்தியல் படிப்பு தந்ததா? தரவில்லை என்றால், அதற்கு மாணவர்களின் சோம்பலோ கடைக்காரரின் பேராசையோ முதல் காரணமல்ல. இந்தப் பட்டம் பிறக்கும்போதே ஆலையைப் பார்த்துப் பிறந்தது. மாணவர்களை வெளியே அனுப்பும் பணிப்பயிற்சியின் வரலாறு முழுவதும் அந்தப் பிறவிக்குணத்தோடு நடந்த இழுபறிதான்.

இந்தியாவில் மருந்தியலைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியவர் மகாதேவ லால் ஷ்ராஃப். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932-ல் மருந்து வேதியியலாகத் தொடங்கிய அவரது முயற்சி, 1937-ல் பி.பார்ம். பட்டமாக வளர்ந்தது. அன்றைய தேவையும் அப்படித்தான் இருந்தது. கலப்பட மருந்துகள் பெருகிக் கிடந்த நிலையை ஆராய அரசு 1930-ல் கர்னல் சோப்ரா தலைமையில் குழு அமைத்திருந்தது. மருந்தைத் தயாரிக்கவும் சோதிக்கவும் தெரிந்த ஆட்கள் நாட்டுக்கு வேண்டியிருந்தார்கள். பம்பாயிலும் காற்று அதே திசையில்தான் வீசியது. சிப்லா 1935-ல் தொடங்கியது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933-ல் நிறுவிய வேதித் தொழில்நுட்பத் துறை, 1943-ல் மாட்டுங்கா வளாகத்துக்கு வந்தது. சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன் அப்போது அதன் இயக்குநர். சாய வேதியியலில் பெயர் பெற்றவர். துணி ஆலைகளுக்கு ஆள் தயாரிக்கப் பிறந்த அந்தத் துறையில் பின்னாளில் மருந்தியலும் பட்டப்படிப்பாயிற்று. லேபர் கேம்ப்பும் அந்த வளாகமும் ஒரே மாட்டுங்காவின் பெயரைச் சுமந்தாலும், அங்கே படித்தவரின் கண் மருந்து ஆலைகளின் மீதுதான் இருந்தது.

அப்படியானால் கவுன்ட்டரில் யார் நின்றார்கள்? கம்பவுண்டர்கள். 1948-ன் மருந்தியல் சட்டம் அவர்களை ஒதுக்கவில்லை. மருந்து கலக்கும் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் இருந்தவருக்கும் முதல் பதிவேட்டில் இடம் தந்தது. அனுபவமும் ஒரு தகுதிதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது என்பதுதான் இதன் பொருள். கம்பவுண்டரின் வழித்தோன்றலாக வந்த டிப்ளமோவிலும் அந்த நினைவு தங்கியது. 1991-ன் கல்வி விதிகளின்படி டிப்ளமோ மாணவர் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் பயிற்சி பெற வேண்டியிருந்தது. அதில் 250 மணி நேரமாவது சீட்டுப் பார்த்து மருந்து கொடுப்பதிலேயே கழிய வேண்டியிருந்தது. ஒரே ஒரு பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்கும் இடத்தில் இரண்டு பேருக்கு மேல் பயிற்சி பெறக் கூடாது என்றும் அந்த விதி சொன்னது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இந்த வேலை படியும் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். பட்டப்படிப்பின் 2014-ம் ஆண்டு விதிகளோ 150 மணி நேர வெளிப்பயிற்சியை விரும்பத்தக்கது என்ற அளவில் நிறுத்திக்கொண்டன. அதையும் ஆலையிலோ, பரிசோதனைக் கூடத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, கடையிலோ முடிக்கலாம். படிப்பு உயர உயர நோயாளி தூரமாகிறார். பதிவேட்டிலோ இருவருக்கும் ஒரே உரிமை.

பட்டதாரி ஆலைக்கோ ஆய்வுக்கோ போகிறவர், அவருக்குக் கடைப்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். எல்லாரும் போவதில்லை என்பது ஒரு பதில். போனாலும், மருந்துப் பெட்டியின் சீட்டு வாசகத்தை எழுதுகிறவர் அதைப் படிக்கத் திணறும் ஒருவரையாவது நேரில் பார்த்திருப்பது நல்லது என்பது இன்னொன்று. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பயிற்சி என்ற பெயரில் மாணவர் சம்பளமில்லாமல் அட்டைப்பெட்டி அடுக்குவார், அல்லது கடைப்பக்கமே போகாமல் கையெழுத்து வாங்கி வருவார். இது கற்பனை அல்ல. ஆனால் இது மேற்பார்வை இல்லாததன் கோளாறு. பயிற்சியின் கோளாறு அல்ல. 2008-ல் வந்த ஆறாண்டு பார்ம்.டி. படிப்பு இதற்குச் சான்று. அதன் கடைசி ஆண்டு முழுவதும் ஆஸ்பத்திரிப் பயிற்சி. ஆறு மாதம் பொது மருத்துவத்தில், மீதி ஆறு மாதம் வேறு மூன்று பிரிவுகளில். 300 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி இல்லாமல் அந்தப் படிப்பை நடத்த முடியாது. இடம், காலம், பொறுப்பாளர் மூன்றையும் விதி கட்டிப்போட முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

டாக்டர் எழுதியதை மாற்ற மருந்தாளுநருக்கு அதிகாரம் இல்லையே என்பது கடைசி ஆட்சேபம். மாற்றச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறோம். 2015-ன் மருந்தியல் தொழில் விதிகள் சீட்டைப் பரிசீலிப்பதையும் நோயாளிக்கு விளக்குவதையும் மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. தொழிலுக்குக் கடமை வந்துவிட்டது, படிப்புக்கு இன்னும் வரவில்லை. பி.பார்ம். மாணவருக்கும் கவுன்ட்டர் மணிநேரத்தைக் கட்டாயமாக்கி, உதவித்தொகை தந்து, பயிற்றுவிக்கும் மருந்தாளுநரைக் கல்லூரியின் கணக்கில் சேர்த்தால் அந்த இடைவெளி குறையும். ஆலைக்கு ஆள் வேண்டிய காலத்தில் வகுத்த படிப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆலைகள் எழுந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அதே அளவுகோலில் படிப்பை வைத்திருப்பதற்குத்தான் நியாயம் இல்லை.