வில்லியனூர்த் தேரும் பிக்கப் வண்டியின் பின்னச்சும்

மாட்டுவண்டிக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அதன் அச்சு சுழலாது. இரு சக்கரங்களும் அச்சின் இரு முனைகளில் தத்தம் போக்கில் சுழலும். கடையாணி அவற்றைக் கழலாமல் காக்கும். பாகூர் ஏரிக்கரையில் வண்டி இடப்புறம் திரும்பினால் இடச்சக்கரம் மெல்லவும் வலச்சக்கரம் விரைந்தும் ஓடும். அதற்கென ஒரு கருவியை யாரும் செய்யவேண்டியிருக்கவில்லை. இழுப்பது மாடு; சக்கரம் இழுபடுவது, அவ்வளவே. சக்கரமே வண்டியை நகர்த்தவேண்டும் என்றான அன்றுதான் தொல்லை தொடங்கியது.

பழைய வண்டிக்காரர்களின் கவலை வேறு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடவந்த ஔவையார் உப்பு வணிகரை உவமைக்கு அழைக்கிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழி மேடோ பள்ளமோ தெரியாது. ஆகவே அந்த உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனார்களாம். தமிழில் உதிரிபாகம் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும் என்று வகுப்பறையில் நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை போகட்டும். பாரம், பள்ளம், அச்சு என்ற அந்த மூன்றும் இன்றைய பிக்கப் வண்டிக்காரரையும் விட்டபாடில்லை.

அச்சின் வரலாற்றைக் கற்க வில்லியனூரைவிட வசதியான ஊர் நமக்குத் தெரியவில்லை. அங்கே மூன்றுவகை அச்சையும் காணலாம். முதலாவது, திருக்காமீசுவரர் கோயில் தேர். பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநர் வந்து வடம் தொட்ட வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. அரசியல் பார்வையாளர் கண் வடத்தில் இருக்கும். நம் கண் முட்டுக்கட்டை போடுகிறவர் மேல். வீதி முனையில் அவர் உட்புறச் சக்கரத்தின் முன்னே கட்டையைச் செருகுகிறார். அந்தச் சக்கரம் தயங்க, வெளிச்சக்கரம் ஓட, மலைபோன்ற தேர் திரும்புகிறது. சக்கரங்கள் தனித்தனியே சுழல்வதால் மட்டுமே இது கைகூடும்.

இரண்டாவது, ரயில். 1879இல் திறக்கப்பட்ட விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை வில்லியனூர் வழியே செல்கிறது. ரயிலில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று சுழன்றால் மற்றதும் அதே வேகத்தில் சுழன்றாகவேண்டும். வளைவில் என்ன செய்யும்? சக்கரத்தின் ஓடுபரப்பு சற்றே கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். வளைவில் அச்சு ஒருபுறம் ஒதுங்க, வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்தில் ஓடிக் கணக்கை நேர்செய்துவிடும். வளைவுகள் பெரியவை என்பதால் இது செல்லும். சந்து பொந்தில் திரும்பும் வாகனத்துக்கு இந்த உபாயம் போதாது.

மூன்றாவது, கடைவீதியில் நெல்மூட்டையோடு நிற்கும் பிக்கப். இரு பின்சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர் இடைவெளி என்று கொண்டால், செங்கோணத் திருப்பம் ஒன்றில் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 2.2 மீட்டர் கூடுதலாக ஓடவேண்டும். என்ஜின் இரண்டையும் சுழற்றவேண்டும். இரண்டும் வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இந்த முரணைத் தீர்த்தவர்கள் கடிகாரக்காரர்கள். 1720இலேயே ஜோசப் வில்லியம்சன் என்ற ஆங்கிலேயர் சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இத்தகைய பற்சக்கர அமைப்பைக் கடிகாரத்தில் வைத்தார். 1820களின் இறுதியில் பாரிஸின் ஒனெசிஃபோர் பெக்கர், அவரும் கடிகாரத் தொழிலர், நீராவி வண்டிக்காக அதற்கு உரிமம் பெற்றார். 1877இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்றுசக்கர மிதிவண்டியில் அதைப் பொருத்தினார். பிறகு மோட்டார் வாகனம் அதை எடுத்துக்கொண்டது. கொம்யூன் என்ற சொல்லை இன்றும் புழங்கும் மண்ணில், ஒவ்வொரு பின்னச்சிலும் ஒரு பிரெஞ்சுக்காரரின் யோசனை சுழல்கிறது என்பது நமக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

ஆனால் அந்த யோசனையில் ஒரு பலவீனம் உண்டு. டிஃபரன்ஷியல் வேகத்தைத் தாராளமாகப் பிரித்துக் கொடுக்கும். முறுக்குவிசையை மட்டும் எப்போதும் சரிபாதியாகவே கொடுக்கும். ஒரு சக்கரம் தார்ச்சாலையிலும் மற்றது சேற்றிலும் நின்றால், சேற்றுச் சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறிய விசை போதும். நல்ல தரையிலிருக்கும் சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் கிட்டும். ஆக ஒன்று வீணே சுழலும், மற்றது சும்மா நிற்கும். பாகூர்ப் பக்கத்துக் களிமண்ணில் வடகிழக்குப் பருவமழைக்குப்பின் வரப்போரம் வண்டியை இறக்கியவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலையும், அதையடுத்துத் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ச் சிற்றூர்களுக்குள் புகுந்ததையும் கண்டவர்களுக்கு அறவே வேண்டாம். வண்டி புதைந்தால் போவது டீசல் மட்டுமன்று. மூட்டை நனைந்தால் நெல்லின் விலை போயிற்று, வாடகை போயிற்று, மறுநாள் சவாரியும் போயிற்று.

இதற்கு விடை அதே வயலிலேயே நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. டிராக்டர் ஓட்டுநரின் காலருகே ஒரு மிதி இருக்கும். மிதித்தால் டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும். இரு சக்கரங்களும் ரயில் அச்சைப்போல ஒன்றாகச் சுழலும். சேற்றுழவில் கேஜ் வீல் மாட்டி இறங்குகிறவர்கள் நேராகச் செல்கையில் மட்டும் மிதிப்பார்கள், திரும்புமுன் விட்டுவிடுவார்கள். போதாததற்கு டிராக்டரில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி பிரேக் உண்டு. வீணே சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மிதித்தால் விசை மறுசக்கரத்துக்குப் போகும். தேர்வீதி முட்டுக்கட்டையின் தம்பி இது. பழைய பிக்கப்பில் கைபிரேக்கை இழுத்து இதையே செய்யலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அது இரு சக்கரங்களையும் ஒருசேரப் பிடிப்பதால் பெரிய பயன் இராது.

சாலை வாகனத்துக்கு வந்த தீர்வுகள் வேறு வேறு தேவையில் பிறந்தவை. தேர்ந்தெடுக்கும்போது இதுதான் மறந்துபோகிறது. 1930களின் நடுவில், ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் பேராற்றலில் ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றதால், போர்ஷே கேட்க ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் நழுவலுக்கு வரம்பு கட்டும் டிஃபரன்ஷியலைச் செய்தது. 1956இல் அமெரிக்காவின் பேக்கார்டு அதைப் பொதுமக்கள் காருக்குக் கொண்டுவந்தது. இவற்றின் உள்ளே கிளட்ச் போன்ற தட்டுகள் உரசிக்கொண்டு, ஒரு சக்கரம் மட்டும் ஓடிவிடாமல் ஓரளவு தடுக்கும். 1958இல் உரிமம் பெற்ற கிளீஸ்மனின் டார்சன் தட்டுக்குப் பதில் திருகுப் பற்களால் அதைச் செய்தது. இன்னொரு பரம்பரை டிட்ராய்ட் லாக்கர்: இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டி ராணுவ லாரிகளுக்கு வந்தது; எப்போதும் பூட்டியே இருந்து, திருப்பத்தில் மட்டும் வெளிச்சக்கரத்தை விடுவிக்கும். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. 1980களின் பிற்பகுதியிலிருந்து காற்றழுத்தத்தால் பூட்டும் வகையை விற்கிறது. ஸ்விட்சைத் தட்டினால் பூட்டு, மறுபடி தட்டினால் திறப்பு. நம் நாட்டில் 2020இன் மகிந்திரா தார், 2021இன் பொலேரோ நியோ ஆகியவற்றின் சில வகைகளில் ஈட்டனின் இயந்திரப் பூட்டு வந்தது. இரு சக்கரங்களின் வேகவேறுபாடு நிமிடத்துக்கு 100 சுற்றைத் தொட்டால் அது தானே பூட்டும். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போனால் தானே திறக்கும்.

இனி, பழைய டாடா 207ஓ, பழைய பொலேரோ பிக்கப்போ வைத்திருப்பவர் என்ன செய்வது? பட்டறையில் பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்பார்கள். செலவு குறைவு, ஆனால் கடலூர்ச் சாலையின் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேயும், அச்சுத்தண்டு முறுகும். கூடாது என்பதே நம் கருத்து. டிட்ராய்ட் வகை, காலியாகத் திரும்பும் பிக்கப்புக்கு ஆகாது. பின்பாரமில்லாத வண்டியின் வால் மழைத்தாரில் விலகிவிடும். தட்டு வகை சாலைக்கு இனியது. ஆனால் தட்டு தேயும், அதற்குரிய எண்ணெயே ஊற்றவேண்டும், பழைய வண்டியிலிருந்து கழற்றியது என்றால் தேய்ந்தே வந்திருக்கக்கூடும். டார்சன் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் கைவிடும். ஏனெனில் அது இருக்கும் பிடிப்பைப் பெருக்கித் தருவது, பூஜ்யத்தைப் பெருக்கி என்ன வரும்? வரப்பு ஏறி இறங்கும் வண்டிக்கு இது சிறிய குறையன்று.

ஆண்டில் பெரும்பகுதி தாரிலும், அறுவடை நாட்களில் மட்டும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு டிராக்டர் காட்டிய வழியே பொருத்தம். வேண்டும்போது பூட்டி, முடிந்ததும் திறக்கும் வகை, அல்லது ஈட்டன் போன்ற தானியங்கி. எந்த அச்சுக்கு எது கிடைக்கிறது என்பதுதான் தடை. அவற்றுள் பல நம்மூர்ப் பின்னச்சுகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கிடைக்காவிட்டால், நல்ல பொத்தான் டயரும் இரண்டு பலகையும் வாங்கிக்கொண்டு டிஃபரன்ஷியலை இருந்தபடியே விடுவது குற்றமன்று. வரப்பிலிருந்து பத்தடி தள்ளித் தார்ச்சாலையிலேயே வண்டியை நிறுத்தி மூட்டையைச் சுமந்து ஏற்றிய தலைமுறையை நாம் கண்டிருக்கிறோம்.

பூட்டுவதென முடிவு செய்தவர் ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். பூட்டியபின், பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் அச்சுத்தண்டு முழு முறுக்குவிசையையும் தாங்கவேண்டிவரும். இருபதாண்டு பாரம் சுமந்த தண்டு அதற்கு இணங்காமல் முறியலாம். உமணர்களைப்போல ஒரு சேம அச்சுத்தண்டு வைத்துக்கொள்வது நல்லது. ஹவுசிங்கைத் திறக்கும் நாளில் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே ஆட்டம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும்; அது மிகுந்திருந்தால் பூட்டுக்கு முன் அந்தச் செலவு காத்திருக்கிறது. தண்டின் முனையிலுள்ள ஸ்பிளைன் வரிகளையும் அன்றே எண்ணிக் குறித்துக்கொள்ளவேண்டும். சென்னையில் கேட்டாலும் கோயம்புத்தூரில் கேட்டாலும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அந்த எண்தான்.