வளர்த்ததா, வேட்டையாடியதா?

கார்த்திகைத் தீபத்தையொட்டி எங்கள் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடும். மாடு பிடிக்க வந்த குடியானவர் முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பார். முன்வாயில் இரண்டு நிலைப்பற்கள் முளைத்திருந்தால் வயது இரண்டு. எட்டும் சேர்ந்திருந்தால் நான்கு, ஐந்து என்று கணிப்பார். அகழ்ந்தெடுத்த தாடையை ஆராயும் அறிஞரும் இதையேதான் செய்கிறார்.

வயது எதற்கு என்பீர்கள். ஆட்டு மந்தை உடையவன் பெட்டைகளை நெடுநாள் காப்பான். மிகுந்த கிடாய்களை இளமையிலேயே கழிப்பான். வேடனுக்கோ அகப்பட்டதே இரை. பல தாடைகளின் வயதைத் தொகுத்தால் இவ்வேறுபாடு புலப்படும். நெடுங்காலம் ஏர் இழுத்த எருதின் குளம்பெலும்பில் முண்டு வளர்ந்திருப்பதும் உண்டு.

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த 70 எலும்புத் துண்டுகள் புனே தக்காணக் கல்லூரியில் ஆராயப்பட்டன. அவற்றுள் 53 விழுக்காடு பசு, காளை, எருமை, ஆடு ஆகியவற்றுக்குரியவை எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. வெளிமான், நீல்காய், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் அவற்றுள் இருந்தன. மேய்ச்சலும் உழவும் அறிந்த மக்கள் அவர்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் 70 துண்டுகளைக் கொண்டு ஓர் ஊரின் உணவையெல்லாம் அளந்துவிடலாகாது என்பேன்.

துண்டு சிறிதானால் மயக்கமும் பெரிது. நீல்காய் மாட்டுக்கு உறவான விலங்கு. அதன் உடைந்த எலும்பை மாட்டினது என்று எழுதிவிட்டால் வேடன் உழவனாகிவிடுவான். வெள்ளாடும் செம்மறியும் எலும்பளவில் இரட்டைப் பிள்ளைகள். கொம்பின் அடித்தண்டு கிடைத்தால்தான் ஐயம் எளிதில் தீரும். பன்றியானால், கடைசிக் கடைவாய்ப் பல்லை அளவுகோலால் அளப்பார்கள். காட்டுப்பன்றிக்கு அது நீளம், வீட்டுப்பன்றிக்குக் குறுக்கம்.