உசிலந்தூளும் 3பி முடியும்

சென்னையில் வேலை பார்க்கும் மகள் போன மாதம் போனில் கேட்டாள்: "அம்மா, எனக்கு 3பி. உனக்கு என்ன, 3சியா?" ஏதோ ரேஷன் கார்டு வகை என்றுதான் முதலில் நினைத்தேன். முடியைச் சொல்கிறாள். சுருட்டை முடிக்கும் வகுப்பும் பிரிவும் வந்துவிட்டதாம். கோ-வாஷ், ஜெல் காஸ்ட், ப்ளாப்பிங் என்று அவள் அடுக்கியதில் ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் நான். ஒரு சொல் விளங்காவிட்டால் தூக்கம் வராது. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.

எங்கள் வீட்டுச் சுருட்டை அப்பா வழியில் வந்தது. அப்பத்தாவுக்கு, அப்பாவுக்கு, எனக்கு, பிறகு இவளுக்கு. ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். உசில மரத்தால்தான் அந்தப் பேரே வந்தது என்பார்கள். அந்த மரத்து இலையைக் காயவைத்து இடித்தால் உசிலந்தூள். கொங்குப் பக்கம் அதுவே அரப்பு. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். சோறு வடித்த கஞ்சியில் தூளைப் போட்டுக் குழைத்தால் பச்சைச் சேறு மாதிரி வழவழவென்று வரும், நுரை பெரிதாக இருக்காது. அப்பத்தா அதை என் தலையில் அப்பிவிட்டு, விரல்களை மட்டும் விட்டு, நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வரும். காய்ந்த தலையில் சீப்பு வைக்க விடாது. அதற்கும் மிஞ்சிய சிணுக்குக்குத்தான் சிணுக்குவாரி. ஒரு சாண் நீள இரும்புக் கம்பி, மரப்பிடி, கூரான நுனி. முடிச்சின் நடுவில் அதை நுழைத்து இழை இழையாகப் பிரிக்கும்போது, எனக்கு வலிக்கிறதா என்று முகத்தைப் பார்க்காது. முடி அறுகிறதா என்று முடிச்சைத்தான் பார்க்கும். குளித்து வந்தால், "ஏ ஆத்தா, துவட்டாத, ஒத்தி எடு" என்று பழைய வேட்டித் துணியை நீட்டும்.

மகள் சொன்ன பட்டியலை நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. கோ-வாஷ் என்றால் ஷாம்பு போடாமல் கண்டிஷனரால் மட்டும் அலசுவது. ப்ளாப்பிங் என்றால் ஈரமுடியைத் துவட்டாமல் பருத்தி பனியன் துணியில் சுருட்டிக் கட்டி வைப்பது. சிக்கெடுக்கும்போது விரல் வழுக்கிப் போக வேண்டுமே, அதற்கு 'ஸ்லிப்' என்று பேர். அப்பத்தா பேர் வைக்காமலே செய்த வேலைகள். காரணமும் லேசானதுதான். நேர்முடியில் தலையில் ஊறும் எண்ணெய் சுலபமாக நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது வளைவுக்கு வளைவு தங்கி நுனிக்குப் போய்ச் சேராது. அதனால் காயும், காய்ந்ததைச் சீவினால் ஒடியும்.

பேர் இல்லை என்றா சொன்னேன்? ஒரு பேர் இருந்தது: பரட்டை. ஆறாம் வகுப்பில் ரெட்டைச்சடை போட்டு ரிப்பனை மடித்துக் கட்டிக்கொண்டு போவேன்; இரண்டாவது பீரியடுக்குள் முன்முடி மொத்தமும் எழுந்து நின்றுவிடும். கணக்கு டீச்சர் ஒருநாள் எல்லார் முன்னாலும், "உங்க வீட்ல எண்ணெய் வாங்கக் காசில்லையா?" என்றார். '16 வயதினிலே' வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ரஜினி அதில் பரட்டை. பையன்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும். சுருட்டை என்ற சொல்லும் நிம்மதி தரவில்லை, எங்கள் ஊரில் அது விரியன் பாம்புக்கும் பேர்.

பிற்பாடு சங்க இலக்கியம் படிக்கப் போனபோதுதான் எனக்கு வாய் அடைத்தது. கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பேர், ஐந்து வகையாக முடிப்பதால். எந்த ஐந்து என்று பட்டியல் கேட்டால் ஒன்றில் குழல், கொண்டை, பனிச்சை, முடி, சுருள் என்று வரும். இன்னொன்றில் சுருளுக்குப் பதில் அளகம் வரும். அதுவும் சுருள் மயிர்தான். இரண்டு பட்டியலிலும் சுருட்டைக்கு ஓர் இடம் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது அறல். ஆற்றில் தண்ணீர் வடிந்தபின் மணலில் கருப்புக் கருப்பாக வரிவரியாய்ப் படிந்து நெளியுமே, அது. பெண்ணின் கூந்தலுக்குப் புலவர்கள் திரும்பத் திரும்ப அதைத்தான் உவமை சொன்னார்கள். நேராகக் கம்பி மாதிரித் தொங்கும் முடிக்கு அந்த உவமை பொருந்தாது. வைகைக் கரையில் வளர்ந்தவர்கள் என் தலையை அறல் என்று சொல்லியிருக்கலாம். பரட்டை என்றார்கள்.

சரி, இந்த 3பியை யார் வைத்தது? ஆண்ட்ரே வாக்கர் என்ற அமெரிக்கர், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக்காரர். 1997இல் எழுதிய புத்தகத்தில் முடியை நாலாகப் பிரித்தார்: 1 நேர்முடி, 2 அலைமுடி, 3 சுருள், 4 இறுகிய சுருள். அவரும் கறுப்பினத்தவர்தான். ஆனாலும் நேர்முடி ஏன் ஒன்றாம் நம்பர், ஆப்பிரிக்க முடி ஏன் கடைசி என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 3சியும் 4சியும் அவர் வைத்தவை அல்ல. தங்கள் முடிக்கு அந்தப் பட்டியலில் இடம் காணாதவர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டவை.

என் மகளின் சொற்களில் பல அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் குளியலறையில் புழங்கி வந்தவை என்று அவளுக்குத் தெரியாது. 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தேபன் மீரோ, கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்கள் அதையே வண்ண வண்ணத் துணியில் எடுப்பாகக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் முடியை நேராக்கும் ரிலாக்ஸர் வந்தது. அதில் பல காஸ்டிக் சோடா போட்டவை. சோப்புக் காய்ச்சுகிற அதே காரம், மண்டைத் தோலைப் புண்ணாக்கும். 'நல்ல முடி' என்றாலே நேர்முடிக்கு நெருங்கியது என்று வீட்டுக்குள்ளேயே அர்த்தம் ஊறிப்போயிருந்தது. அந்தக் காரத்தை விட்டுவிட்டுத் தன் முடியைத் திரும்ப வளரவிட்டவர்களுக்கு, அதை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளச் சொல் வேண்டியிருந்தது. 2019இல் கலிபோர்னியா, முடியின் இயல்பைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக்கூடாது என்று சட்டமே போட்டது.

3சி என்றால் என்ன அளவு என்று மகளிடம் கேட்டேன். "சுருளுக்குள்ள ஒரு பென்சில் சரியா நுழையும்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தென்னாப்பிரிக்காவிலும் ஒரு பென்சில் இருந்தது. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தில் ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று எழுதியாக வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவுக்கு வரமுடியாதவர்களின் முடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். வழுக்கி விழுந்தால் வெள்ளையர், நின்றால் இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு இனமாகப் பதிவானதும் உண்டு. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தது. 1991 வரை அந்தச் சட்டம் இருந்தது. இதை மகளிடம் சொன்னதும் போனில் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. "அதே பென்சிலா?" என்றாள்.

ஷாம்பு என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு, அது வேடிக்கையானது. அது இந்தியில் பிடித்துவிடு என்பதற்கான சொல். பாட்னாக்காரர் ஷேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் உடம்பு பிடித்துவிடும் குளியல் நிலையம் வைத்தபோது அதை ஷாம்பூயிங் என்றார்கள். எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு அது பாக்கெட்டாகச் சரம் சரமாகத் தொங்க வந்தபோது தலைக்குக் குளிப்பதன் பேராகிவிட்டிருந்தது. நுரைத்தால்தான் அழுக்குப் போகும் என்று நானும் நம்பினேன். உசிலந்தூள் டப்பா பரணுக்குப் போனது.

இப்போது மகளுக்கு அது வேண்டுமாம், இரண்டு கிலோ. கூடவே அப்பத்தாவின் சிணுக்குவாரியும். தேடினேன், சாக்குமூட்டை தைக்க என் தம்பி எடுத்துப்போய் நுனியைக் கொஞ்சம் வளைத்து வைத்திருந்தான். கொல்லரிடம் கொடுத்து நிமிர்த்தியாயிற்று. கூரியர் கடைப் பையன் கூரான இரும்பு அனுப்ப முடியாது என்றுவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.